அலுவலகக் கணினியில் அறிமுகமில்லாத ஃபைல்: அழிப்பதற்கு முன் என்ன செய்யவேண்டும்?

2017 மே 15, திங்கட்கிழமை. கேரளத்தின் வயநாடு மாவட்டம் தரியோடு பஞ்சாயத்து அலுவலகத்தில் கணினியைப் போட்டவர்களுக்கு ஒரு ஃபைலும் திறக்கவில்லை. 300 டாலருக்கு பிட்காயின் கட்டினால்தான் திறக்கும் என்று திரை மிரட்டியது. பத்தனம்திட்டா மாவட்டத்தில் அருவாப்புலம் பஞ்சாயத்திலும் அதே மிரட்டல். மறுநாள் பாலக்காட்டில் தென்னக ரயில்வேயின் கோட்ட அலுவலகக் கணினிகளும் பூட்டிக்கொண்டன. வானாக்ரை என்ற அந்த வைரஸ் மே 12ஆம் தேதி கிளம்பி, சில நாட்களில் சுமார் 150 நாடுகளைத் தொட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின.

ஒரு மலையோரப் பஞ்சாயத்தை அது எப்படித் தேடி வந்தது என்று அப்போது பலர் கேட்டார்கள். அது யாரையும் தேடி வரவில்லை. விண்டோஸில் ஃபைல் பகிரும் வசதியில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச் 14ஆம் தேதி, கொடுத்துவிட்டது. அதைப் போடாத கணினி லண்டனில் இருந்தாலும் வயநாட்டில் இருந்தாலும் வைரஸுக்கு ஒன்றுதான்.

நம் மலைக்கிராமமான வட்டவடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அரசு இ-சேவை தரும் அக்ஷயா சென்டரில் ஆபரேட்டர், பஞ்சாயத்தில் டேட்டா என்ட்ரி, கூட்டுறவு வங்கியில் கிளார்க், மூணாறு ரிசார்ட்டில் ஃப்ரண்ட் ஆபீஸ் என்று படித்தவர்கள் பலருக்கும் முதல் வேலை இப்படித்தான் அமைகிறது. உங்கள் மெஷினில் ஊர்க்காரர்களின் ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம், நிலவரி ரசீது, பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம் எல்லாம் கிடக்கின்றன. பூண்டு விளைவித்தவரின் வங்கிக் கணக்கும் விரல்ரேகைக் கருவியும் அதே மேஜையில். அங்கே ஒரு கெட்ட ஃபைல் நுழைந்தால் கெடுவது உங்கள் கணினி மட்டுமா? பெரிய ஐ.டி. கம்பெனியில் இதைப் பார்க்கத் தனித் துறை இருக்கும். நம் கோவிலூர் கடைத்தெருவில் அந்தத் துறை நீங்கள்தான்.

முதல் ஐந்து நிமிடம்

மெஷின் திடீரென்று இழுக்கிறது. மின்விசிறி கத்துகிறது. பிரவுசரின் முதல் பக்கம் தானாக மாறியிருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பார்க்காத பெயர் ஒன்று ஓடுகிறது. உடனே கை டெலிட் பட்டனுக்குப் போகும். போக விடாதீர்கள்.

முதலில் நெட்டைத் துண்டியுங்கள். லேன் கேபிளாக இருந்தால் பிடுங்குங்கள், வைஃபையாக இருந்தால் அணையுங்கள். செருகியிருக்கும் பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க், விரல்ரேகைக் கருவி எல்லாவற்றையும் கழற்றுங்கள். அந்த மெஷினில் இனி ஒரு பாஸ்வேர்டும் அடிக்கவேண்டாம். திரையில் தெரிவதை உங்கள் போனில் படம் எடுத்து, மணியையும் தாளில் குறியுங்கள். கண்ணெதிரே ஃபைல்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே போனால் அது பூட்டும் வைரஸ். நெட்டைப் பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். மற்ற நேரங்களில் அணைக்கத் தேவையில்லை.

கவுண்டரில் ஆள் நிற்பார். அவரிடம் மழுப்பாமல் சொல்லுங்கள்: "அண்ணே, மெஷின்ல கோளாறு இருக்கு. உங்க ஆதாரை இப்ப இதுல ஏத்த வேணாம். சரியானதும் போன் பண்றேன்." மலைச்சரிவில் இருந்து வேலையை விட்டுவிட்டு வந்தவருக்கு இது எரிச்சல்தான். ஆனாலும் சந்தேகமான மெஷினில் அவர் கைரேகையை வாங்குவது தப்பு.

உடனே அழிக்கக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. நீங்கள் அழிக்கும் ஃபைல் ஒன்றாகவும், அதை மறுபடி இறக்கிவிடும் ஃபைல் வேறாகவும் இருக்கும். மெஷினை ரீஸ்டார்ட் செய்ததும் அது திரும்ப வந்து நிற்கும். இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. நல்ல ஃபைலை அழித்தால் மெஷினே படுத்துவிடும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஆன்டிவைரஸ் கொடுத்த ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் அத்தியாவசிய ஃபைலான எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று முடிவுகட்டியது. மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள் என்று ஏராளமான இடங்களில் கணினிகள் நிற்காமல் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. இதையே தொழிலாகச் செய்கிற கம்பெனிக்கே அந்தக் கதி. நாம் நிதானமாகப் பார்த்தே ஆகவேண்டும்.

பெயரை நம்பாதீர்கள்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சந்தேகப் பெயரின்மேல் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள். அந்த ஃபைல் எந்த ஃபோல்டரில் குடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். உண்மையான எஸ்விசிஹோஸ்ட், விண்டோஸுக்குள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருந்து ஓடும். அதே பெயர் டவுன்லோட்ஸிலோ டெம்ப்பிலோ ஆப்டேட்டாவிலோ இருந்து ஓடினால் அது வேஷம். எழுத்துகளை இடம் மாற்றிவைப்பது, ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம் போடுவது, சின்ன எல்-க்குப் பதில் பெரிய ஐ போடுவது எல்லாம் பழைய வித்தை. இன்றும் பலிக்கிறது. பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள்.

இடம் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதவும் முடியாது. ஆப்டேட்டாவில் ஜூம் போன்ற நல்ல புரோகிராம்களும் இருக்கும். வானாக்ரையோ நேராக விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்து, சர்வீஸ் பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி சென்டர்' என்று தொடங்கும் பெயரையே மாட்டிக்கொண்டது. அன்று யாராவது பட்டியலை ஓட்டிப் பார்த்திருந்தாலும் இது நல்ல பிள்ளை என்று தாண்டிப் போயிருப்பார்கள்.

அதனால் நாலைந்து சாட்சிகளைச் சேர்த்து விசாரியுங்கள். ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பக்கம் இருக்கிறதா? கையெழுத்துப் போட்ட கம்பெனி யார்? ஃபைல் எந்தத் தேதியில் உருவானது? அன்று உங்கள் அலுவலகத்தில் என்ன இன்ஸ்டால் செய்தீர்கள்? அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லாத தேதி, கையெழுத்து இல்லாத ஃபைல், கணினி போட்டவுடன் தானாகக் கிளம்பும் பழக்கம் மூன்றும் ஒன்றாக வந்தால் எனக்கு வேறு சாட்சி வேண்டாம். கையெழுத்து இருப்பதாலேயே ஒரு ஃபைல் சுத்தமாகிவிடாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். 2017இல் சிசிகிளீனர் என்ற பிரபலமான புரோகிராமின் ஒரு பதிப்பு, கம்பெனியின் சொந்தக் கையெழுத்தோடும் உள்ளே ஒளித்துவைத்த நச்சோடும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

எனிடெஸ்க், டீம்வியூவர் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இவை வைரஸ் கிடையாது, முறையான கையெழுத்து உள்ள புரோகிராம்கள். ஆன்டிவைரஸ் வாயைத் திறக்காது. ஆனால் தூரத்தில் இருப்பவர் உங்கள் மெஷினை ஓட்ட இவை போதும். பிரின்டர் ரிப்பேர், வங்கி அப்டேட் என்று போனில் சொல்லி இவற்றை இறக்க வைத்துப் பணம் சுருட்டும் கும்பல்கள் இருக்கின்றன. நீங்களோ உங்கள் டெக்னீஷியனோ போடாத எனிடெஸ்க் உங்கள் மெஷினில் இருந்தால் அதுவும் சந்தேக ஃபைல்தான்.

இன்னும் ஓர் அமைப்பை இன்றே மாற்றுங்கள். விண்டோஸ் சாதாரணமாக ஃபைலின் கடைசி வால்பகுதியை மறைத்துவைக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தால் வால் தெரியும். பில் டாட் பி.டி.எஃப் என்று காட்டிய ஃபைல், பில் டாட் பி.டி.எஃப் டாட் இ.எக்ஸ்.இ என்று நிஜப் பெயரோடு நிற்கும். 2000ஆம் ஆண்டில் 'ஐ லவ் யூ' வைரஸ் காதல் கடிதம் போல வந்து உலகையே ஏமாற்றியது இந்த மறைந்த வாலால்தான்.

அடுத்து வைரஸ்டோட்டல். 2004இல் ஸ்பெயினில் தொடங்கி, 2012இல் கூகுள் வாங்கிய இலவச இணையதளம். ஒரு ஃபைலை 70 ஆன்டிவைரஸ் அளவில் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும். அதில் ஊர்க்காரர்களின் விவரம் இருக்கும் டாக்குமென்ட்டை ஏற்றாதீர்கள். அங்கே ஏற்றியதை உலகெங்கும் உள்ள சந்தாதாரர்கள் எடுத்துப் பார்க்க முடியும். அதற்கு ஒரு மாற்று வழி உண்டு. பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளை கொடுத்தால் அந்த ஃபைலுக்கு மட்டுமே உரிய 64 எழுத்துக் குறியீடு கிடைக்கும். அதைத் தாளில் எழுதி, வேறொரு நல்ல கணினியிலோ போனிலோ அந்தத் தளத்தில் தேடுங்கள். ஃபைல் உங்கள் மெஷினை விட்டு வெளியே போகாது. முப்பது நாற்பது இன்ஜின்கள் சிவப்பு காட்டினால் சந்தேகமே இல்லை. கேள்விப்படாத ஒன்றிரண்டு மட்டும் காட்டினால், அது பழைய ஸ்கேனர் டிரைவராகவோ விரல்ரேகைக் கருவியின் புரோகிராமாகவோ இருக்கலாம். அழிக்காமல் டெக்னீஷியனைக் கேளுங்கள். ஒன்றுகூடக் காட்டாவிட்டால் நல்லது என்றும் அர்த்தமில்லை. நேற்று பிறந்த வைரஸை அவர்களும் இன்னும் பார்த்திருக்கமாட்டார்கள்.

நம் ஊரில் நுழையும் வாசல்கள்

வட்டவடையில் பேச்சு தமிழ், அலுவலகக் காகிதம் மலையாளம், சாஃப்ட்வேர் ஆங்கிலம். மூன்று மொழிக்கும் ஒரே மெஷினில் டைப் அடிக்கவேண்டும். ஒரு மனு பழைய தமிழ் ஃபான்ட்டில் வருகிறது, திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. உடனே கூகுளில் தேடி, முதலில் வருகிற தளத்தில் இருந்து 'இலவச ஃபான்ட்' இறக்குகிறோம். ஃபான்ட் ஃபைல் டி.டி.எஃப் அல்லது ஓ.டி.எஃப் என்று முடியும். இ.எக்ஸ்.இ என்று முடிந்தால் அது ஃபான்ட் கிடையாது, ஒரு புரோகிராம். இறக்கியதைத் திறக்காமல் நிறுத்துங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ், மலையாள யூனிகோட் கீபோர்டுகள் உள்ளேயே இருக்கின்றன. செட்டிங்ஸில் மொழியைச் சேர்த்தால் போதும். மூன்று மொழிக்காரர்களான நமக்கு இந்த வாசல் மற்றவர்களைவிட அகலமாகத் திறந்திருக்கிறது, அதை நாம்தான் மூடவேண்டும்.

பென் டிரைவ் அடுத்தது. செருகியதுமே தானாக ஓடும் ஆட்டோரன் வசதியைப் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் 2011இல் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. வைரஸ்காரர்கள் வழியை மாற்றினார்கள். உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைப்பார்கள். ஃபோல்டர் ஐகானின் மூலையில் சின்ன அம்புக்குறி தெரிந்தால் அதைத் தொடவேண்டாம். 'வியூ' பகுதியில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' டிக் செய்தால் உண்மையான ஃபோல்டர் மங்கலாகத் தெரியும். அப்போதும் தெரியாவிட்டால் லினக்ஸில் செருகிப் பாருங்கள். கேரள அரசுப் பள்ளிகளில் கைட் நிறுவனம் கொடுத்த கணினிகள் லினக்ஸில்தான் ஓடுகின்றன. விண்டோஸ் வைரஸ் அங்கே செயல்படாது, எல்லா ஃபைலும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதே பென் டிரைவ் பள்ளியில் இருந்து உங்கள் மேஜைக்கு வரும்போது வைரஸும் கூடவே வரும். அக்ஷயா போன்ற இடத்தில் ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, வெளியார் பென் டிரைவை அதில் மட்டும் செருகுவது என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய செலவு இல்லை.

திருட்டு விண்டோஸை ஓடவைக்கும் 'ஆக்டிவேட்டர்' மூன்றாவது வாசல். அதை ஓட்டும் முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறப்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? போனில் வாட்ஸ்அப் வழியாக வருகிற ஏ.பி.கே. ஃபைல்கள், போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை, பி.எம். கிசான் என்று எந்தப் பெயரில் வந்தாலும் அதே ரகம்தான். தொடவேண்டாம்.

வெளியேற்றுவது

மெஷினில் விண்டோஸ் டிஃபெண்டர் இருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும். ஒளிந்துகொள்ளும் ஃபைல்களுக்கு அப்போது ஒளிய இடம் இருக்காது. கால் மணி நேரம் ஆகும். மலையில் காற்றும் மழையும் என்றால் கரன்ட் போகும், யு.பி.எஸ். சார்ஜ் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பிறகு 'ஃபுல் ஸ்கேன்'. கிடைத்ததை டிஃபெண்டர் 'குவாரன்டைன்' செய்யும். ஃபைல் அழியாமல் பூட்டிய பெட்டிக்குள் போகிறது, தப்பாகப் பிடித்திருந்தால் திரும்ப எடுக்கலாம். கையால் டெலிட் செய்வதைவிட இது ஏன் மேல் என்று இப்போது புரிந்திருக்கும்.

பிடிவாதமான ஃபைல் என்றால் ஆட்டோரன்ஸ் என்ற கருவி. மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசம். வேறொரு நல்ல கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருந்தே இறக்கி, சுத்தமான பென் டிரைவில் கொண்டுவாருங்கள். கணினி எழும்போது தானாகக் கிளம்பும் ஒவ்வொன்றையும் இது பட்டியலிடும். மைக்ரோசாஃப்ட்டின் சொந்த வரிகளை மறைக்கும் வசதியும் உண்டு. மிச்சம் இருப்பதில் உங்கள் ஆளைத் தேடி, டிக் மட்டும் எடுங்கள், டெலிட் வேண்டாம். ரீஸ்டார்ட் செய்யுங்கள். திரும்ப வரவில்லை, மெஷினும் ஒழுங்காக ஓடுகிறது என்றால் ஃபைலை நீக்கலாம். டிக் எடுத்த பிறகும் தானாக டிக் விழுந்தால் உள்ளே இன்னொருவன் இருக்கிறான். அப்போது ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்குப் போய் அதே வேலையைச் செய்யுங்கள். ஆஃபீஸ் டெக்னீஷியன் இருந்தால் இந்தக் கட்டத்தில் அவரையே கூப்பிடுங்கள்.

ஒரு விஷயத்தில் நான் சமாதானத்துக்கு இடம் கொடுக்கமாட்டேன். பணமோ ஆதாரோ கையாளும் மெஷினில் பாஸ்வேர்டு திருடும் ரகமோ, தூரத்தில் இருந்து ஓட்டும் ரகமோ உறுதியானால், சுத்தம் செய்து பார்க்கலாம் என்று பேசக்கூடாது. டாக்குமென்ட்டுகளை மட்டும் சோதித்து வெளியே எடுத்து, டிஸ்கை முழுதாக அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். ஒரு நாள் வேலை கெடும். கெடட்டும்.

பாஸ்வேர்டுகளை வேறு கணினியில் இருந்து மாற்றுங்கள். ஈமெயில் முதலில், பிறகு வங்கி, அதன்பின் அரசு போர்ட்டல்கள். ஒவ்வொன்றிலும் 'எல்லாக் கருவிகளில் இருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். பிரவுசரில் சேமித்துவைத்த லாக்இன்னைத் திருடியவனுக்குப் பாஸ்வேர்டே தேவைப்படாது.

சொல்லிவிடுங்கள்

இதுதான் இளம் ஊழியர்களுக்குக் கஷ்டமான பகுதி. நாம்தானே அந்த ஃபைலைத் திறந்தோம், சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் போட்ட விதிப்படி, அரசு அலுவலகங்களும் நிறுவனங்களும் இப்படிப்பட்ட தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்கவேண்டும். நீங்கள் மறைக்கும் ஒவ்வொரு மணியும் உங்கள் செக்ரட்டரியின், மேனேஜரின் அந்த நேரத்தில் இருந்து கழிகிறது. "சார், காலையில் பத்தேகாலுக்கு இந்த ஃபைல் கண்ணில் பட்டது. நெட்டைத் துண்டித்துவிட்டேன். படம் எடுத்திருக்கிறேன். எதையும் அழிக்கவில்லை." இப்படிச் சொல்லும் ஊழியரைத் திட்டுகிற அதிகாரி தன் வேலை தெரியாதவர்.

நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள்: எப்போது, எந்த மெஷின், ஃபைலின் பெயர், ஃபோல்டர், 64 எழுத்துக் குறியீடு, என்ன செய்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள். மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதினால் மேலே போகும். ஊர்க்காரர்களின் விவரங்களை எடுத்துவிட்டு ஒரு நகலை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். கொச்சியிலோ கோவையிலோ ஐ.டி. சப்போர்ட் வேலைக்கு நேர்காணல் போனால், சந்தேக ஃபைலைக் கண்டால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி வரும். ஆன்டிவைரஸ் போடுவேன் என்பதுதான் எல்லோரும் சொல்கிற பதில். துண்டித்தேன், பதிவு செய்தேன், சோதித்தேன், குவாரன்டைன் செய்தேன், தெரிவித்தேன் என்று நடந்த சம்பவத்தை வரிசையாகச் சொல்ல முடிந்தவருக்கு எந்தச் சான்றிதழும் இரண்டாம் பட்சம்தான். வட்டவடையில் உட்கார்ந்தே கற்றுக்கொள்ளக்கூடிய தொழில் இது.

பணம் போயிருந்தால் மட்டும் இந்த வரிசை எதையும் பார்க்காதீர்கள். கணக்கில் இருந்து பணம் கழிந்த செய்தி வந்த நிமிடமே 1930க்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்ற உதவி எண் அது. பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்கு முன் வங்கியைக் கொண்டு நிறுத்த முயல்வார்கள். நேரம் போகப் போக வாய்ப்புக் குறையும். எண்ணைக் கவுண்டரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், விவசாயிகளுக்கும் உதவும். மெஷினைச் சுத்தம் செய்ய இந்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா 2017 முதல் இலவசக் கருவிகள் தருகிறது.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டன. பதிவு செய்த கணினிகளுக்கு மட்டும் நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. இன்று கடையோ ஆஃபீஸோ பூட்டுவதற்கு முன் உங்கள் மெஷினில் எது ஓடுகிறது, கடைசி அப்டேட் எந்தத் தேதி என்று செட்டிங்ஸில் பாருங்கள். பழையது என்றால் நாளைக் காலையிலேயே எழுத்தில் கேட்டு மாற்ற ஏற்பாடு செய்யுங்கள்.